கண்காட்சிப் பன்றிகளுக்கான கலப்பினச் சேர்க்கை: இணை தேர்வு முதல் களம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கண்காட்சிக் களத்தில் நடுவர் ஒரு பன்றியைக் கூர்ந்து பார்க்கும் நேரம் மொத்தமே சில நிமிடங்கள்தான். ஆனால் அந்தப் பன்றி எப்படி நடக்கும், முதுகு எப்படி நிற்கும், தொடை எவ்வளவு திரண்டிருக்கும் என்பவற்றில் பெரும்பகுதி, பத்து மாதங்களுக்கு முன்பு எந்தப் பெண் பன்றியை எந்த ஆண் பன்றியுடன் சேர்ப்பது என்று தீர்மானித்த நாளிலேயே முடிவாகிவிடுகிறது. தீவனமும் பயிற்சியும் பன்றிக்குள் இருப்பதை வெளியே கொண்டுவரும். இல்லாததைக் கொண்டுவந்து சேர்க்காது. ஆகவே இந்த வழிகாட்டியில் தீவனத்தைவிட இணை தேர்வுக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கலப்பு எதைத் தரும், எதைத் தராது

இரண்டு இனங்களைக் கலந்தால் குட்டிகள் பெற்றோரைவிடச் சிறந்து விளங்கும் என்பது பாதி உண்மை. கலப்பு வீரியம் என்று நாம் சொல்வது எல்லாப் பண்புகளிலும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. சினை பிடிப்பது, ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை, பிறந்தவை பிழைத்து நிற்பது, தாயின் பால் வளம் ஆகியவற்றில் அது நன்றாகத் தெரியும். பெற்றோரிடமிருந்து மரபு வழியாக நேரடியாகக் கடத்தப்படும் பங்கு இப்பண்புகளில் மிகக் குறைவு. ஈற்றுக் குட்டிகளின் எண்ணிக்கையில் அது ஏறத்தாழ 10 விழுக்காடுதான். முதுகுக் கொழுப்பின் தடிமன், இடுப்புத் தசையின் பரப்பு போன்றவற்றிலோ மரபுப் பங்கு 40 முதல் 50 விழுக்காடு வரை இருக்கிறது. அவற்றில் கலப்பு வீரியம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். வளர்ச்சி வேகம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இதன் பொருள் எளிது. துடிப்பான, நோய்க்கு எளிதில் பணியாத குட்டியைக் கலப்பு தரும். திரண்ட தசையும் நேரான கால்களும் உள்ள குட்டியைத் தர அந்தத் தசையும் கால்களும் உள்ள பெற்றோரால்தான் முடியும். சுமாரான இரண்டு பன்றிகளைக் கலந்தால் சுறுசுறுப்பான சுமாரான குட்டிகள் கிடைக்கும், அவ்வளவுதான்.

நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுதல்

விற்பனை எடைப் பிரிவில் நிறுத்தப்படும் பன்றி பெரும்பாலும் ஐந்தரை முதல் ஆறரை மாத வயதில், 110 முதல் 127 கிலோ எடையில் களத்துக்கு வரும். சினைக்காலம் 114 நாள்கள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி அக்டோபர் முதல் தேதி என்று கொண்டால், ஆறு மாத வயதுப் பன்றி ஏப்ரல் முதல் தேதி பிறந்திருக்க வேண்டும். அதற்கான சேர்க்கை முந்தைய டிசம்பர் 8ஆம் தேதி வாக்கில் நடந்திருக்க வேண்டும். பெண் பன்றியின் பருவச் சுழற்சி 21 நாள்கள் என்பதால், ஒரு பருவத்தைத் தவறவிட்டால் களத்தில் மூன்று வாரம் இளைய பன்றியோடு நிற்க நேரும். அந்த வயதில் மூன்று வாரம் என்பது 17, 18 கிலோ எடை வித்தியாசம். போட்டி விதிகளில் பிறந்த தேதிக்கும் எடைக்கும் வரம்பு உண்டா, தூய இனங்களும் கலப்பினங்களும் தனித்தனிப் பிரிவுகளா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே படித்துவிடுங்கள். குட்டிகள் பிறந்த பிறகு படிப்பவர்கள்தான் அதிகம்.

தாயிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் முதலில் செய்வது, பரிசு வென்ற ஆண் பன்றி ஒன்றின் படத்தைப் பார்த்து மயங்கி அதன் விந்தை வாங்குவது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கும் பெண் பன்றியின் குறைகளை எழுதி வைத்த பிறகுதான் ஆண் பன்றியைத் தேட வேண்டும்.

பெண் பன்றியைப் பக்கவாட்டிலும் முன்னாலும் பின்னாலும் நின்று பார்க்க வேண்டும். முன்னிருந்து பார்க்கையில் மார்பு அகன்று, முன்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்காமல் நேராக இறங்க வேண்டும். பின்னிருந்து பார்க்கையில் தொடையின் கீழ்ப்பகுதிவரை அகலம் குறையாமல் வர வேண்டும். மேலே அகன்று கீழே ஒடுங்கும் பன்றி நிற்கும்போது ஏமாற்றும், நடக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். பக்கவாட்டில் தோள் சற்றுச் சாய்ந்தும், பின்னங்கால் முட்டி போதுமான வளைவோடும், குளம்புக்கு மேலுள்ள கணு நெகிழ்வோடும் இருக்க வேண்டும். ஒவ்வொரு காலிலும் இரண்டு குளம்புவிரல்களும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். உள்விரல் மிகச் சிறிதாக இருந்தால் எடை ஏற ஏற நொண்டும்.

இவற்றை எல்லாம் ஒரே பார்வையில் சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, கொட்டிலுக்கு வெளியே பத்தடி தூரத்துக்கு மணலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, அதன் மேல் பன்றியை அவசரமில்லாமல் நடக்க விடுவதுதான். பிறகு பன்றியை மறந்துவிட்டுத் தடத்தைப் பாருங்கள். முன்கால் பதிந்த குழியின் மேலேயே, அல்லது அதை உரசிக்கொண்டு, பின்கால் பதிந்திருந்தால் நடை சீரானது. பின்கால் தடம் நான்கு விரற்கடை பின்தங்கி விழுந்திருந்தால் தோள் நிமிர்ந்திருக்கிறது அல்லது பின்முட்டி விறைத்திருக்கிறது என்று பொருள். தடங்கள் பக்கவாட்டில் விலகிச் சென்றால் காலைச் சுழற்றி வைக்கிறது. கண் பார்க்க மறுப்பதை மணல் எழுதி வைத்துவிடும்.

இதோடு வயிற்றடியையும் பார்க்க வேண்டும். பக்கத்துக்குக் குறைந்தது ஆறு, முடிந்தால் ஏழு காம்புகள் சீரான இடைவெளியில் இருக்க வேண்டும். உட்குழிந்த காம்பு பால் தராது, அந்தக் குறை மகள்களுக்கும் போகும். தொப்புள் குடலிறக்கம், விதை இறங்காமை போன்ற குறைகளுள்ள குட்டிகளை ஒரு பெண் பன்றி திரும்பத் திரும்ப ஈன்றிருந்தால், அதன் உருவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிடுவதே நல்லது.

இனங்கள்

யார்க்ஷயரும் லேண்ட்ரேஸும் வெள்ளை இனங்கள். நீண்ட உடல், நல்ல தாய்மை, அதிகக் குட்டிகள். முன்னதற்கு நிமிர்ந்த காது, பின்னதற்கு முன்னோக்கித் தொங்கும் காது. செந்நிற டியூராக் வளர்ச்சி வேகத்துக்கும் தசைக்குள் பரவும் கொழுப்புக்கும் உடல் உறுதிக்கும் பெயர் பெற்றது. கருப்பு உடலில் தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டை கொண்ட ஹாம்ப்ஷயர் கொழுப்புக் குறைந்த தசைக்காகச் சேர்க்கப்படுகிறது. பெல்ஜியத்தின் பீட்ரெய்ன் எல்லாவற்றையும்விடத் திரண்டது; ஆனால் அதனுடன் வரும் ஆபத்தைக் கீழே தனியாகச் சொல்கிறேன். பெர்க்ஷயரைக் கலப்பில் சேர்த்தால் இறைச்சித் தரம் கூடும்.

நிறத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. வெள்ளை இனங்களின் வெள்ளை நிறம் ஓங்கு பண்பு என்பதால், யார்க்ஷயர் ஹாம்ப்ஷயர் கலப்பில் பிறக்கும் குட்டிகள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் பின்பகுதியில் நீலம் படிந்த திட்டுகள் தெரியும். அமெரிக்கக் கண்காட்சிகளில் இவற்றுக்கு 'நீலப் பிட்டம்' என்று பொருள்படும் 'புளூ பட்' என்ற செல்லப் பெயரே உண்டு. கலப்பினப் பிரிவில் நிறத்துக்கு மதிப்பெண் இல்லை. என்றாலும் அந்த நீலத் திட்டைக் கண்டவுடன் பலருக்கும் மனம் இளகிவிடுகிறது. வாங்கும்போது அந்த இளக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஆண் பன்றியைத் தேர்ந்தெடுத்தல்

உங்கள் பெண் பன்றியின் குறைப்பட்டியலில் முதன்மையான ஒன்றை, அதிகம் போனால் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறையில் தெளிவாக வலுவாக இருக்கும், மற்றவற்றில் தாயைவிடத் தாழாத ஓர் ஆண் பன்றியைத் தேடுங்கள். ஐந்து குறைகளையும் ஒரே ஈற்றில் திருத்த நினைப்பவர் ஒன்றையும் திருத்த மாட்டார். இன்னொரு எச்சரிக்கை: ஒரு கோடிக்கு எதிர்க்கோடியைச் சேர்த்தால் எல்லாக் குட்டிகளும் நடுவில் வந்து நிற்காது. பின்முட்டி மிக விறைத்த தாய்க்கு, முட்டி மிகவும் வளைந்த ஆண் பன்றியைச் சேர்த்தால், சில குட்டிகள் விறைத்தும் சில குட்டிகள் வளைந்தும் பிறக்கும். விறைப்புக்கு மருந்து சரியான கோணம்தானே தவிர, எதிர்த் திசையின் தவறு அல்ல.

விந்து விற்பனைப் பட்டியலில் வரும் படம், தலையை உயர்த்தி, கால்களைத் தேர்ந்தெடுத்த கோணத்தில் நிறுத்தி எடுத்தது. நடக்கும் காணொளியைக் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, வெவ்வேறு தாய்களுக்குப் பிறந்த அதன் குட்டிகளைப் பாருங்கள். ஒரே ஒரு சிறந்த தாயிடம் மட்டும் நல்ல குட்டி தந்திருந்தால் அந்தப் பெருமை தாய்க்கு உரியதாக இருக்கலாம். நான்கைந்து சாதாரணத் தாய்களிடமும் ஒரே வகையான முதுகும் கால்களும் தொடர்ந்து வந்திருந்தால் அது ஆண் பன்றியின் முத்திரை.

அடுத்து, எந்த வகைக் கலப்பு என்ற கேள்வி. மூவினக் கலப்பில், யார்க்ஷயர் லேண்ட்ரேஸ் முதல் தலைமுறைக் கலப்புத் தாய்க்குத் தூய டியூராக் அல்லது ஹாம்ப்ஷயர் ஆண் பன்றியைச் சேர்க்கிறோம். தாயும் கலப்பு, குட்டியும் கலப்பு. எனவே தாயின் பால் வளத்திலும் குட்டியின் பிழைப்பிலும் கலப்பு வீரியம் முழுமையாகக் கிடைக்கிறது. ஆணும் கலப்பாக இருந்து, நான்கு இனங்களும் வெவ்வேறாக இருந்தாலும் இதே பலன் உண்டு. இரு பக்கமும் ஒரே இனம் நுழையும்போதுதான் கணக்கு மாறும். தாய் யார்க்ஷயர் ஹாம்ப்ஷயர் கலப்பு, தந்தை ஹாம்ப்ஷயர் டியூராக் கலப்பு என்று வைத்துக்கொள்வோம். தாயின் பங்கில் பாதியும் தந்தையின் பங்கில் பாதியும் ஹாம்ப்ஷயர் என்பதால், சராசரியாகக் கால் பங்கு இடங்களில் ஹாம்ப்ஷயரோடு ஹாம்ப்ஷயரே சேரும். குட்டியின் கலப்பு வீரியம் 75 விழுக்காடாகக் குறையும். அதே தாய்க்குத் தூய ஹாம்ப்ஷயரைச் சேர்த்தால் 50 விழுக்காடுதான்.

வணிகப் பண்ணையாளருக்கும் கண்காட்சியாளருக்கும் வழி பிரியும் இடமும் இதுவே. பண்ணையாளருக்கு எல்லாக் குட்டிகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தூய இனங்களின் முதல் தலைமுறைக் கலப்பு அத்தகைய சீர்மையைத் தரும். கண்காட்சியாளருக்குப் பத்துக் குட்டிகளில் தனித்து நிற்கும் ஒன்று போதும். கலப்பை மீண்டும் கலப்போடு சேர்க்கும்போது குட்டிகளுக்கிடையே வேறுபாடு விரியும். மோசமானவையும் கூடும், மிகச் சிறந்த ஒன்று தோன்றும் வாய்ப்பும் கூடும். போட்டிப் பன்றி வளர்ப்போர் கலப்பின ஆண் பன்றிகளை இவ்வளவு விரும்புவதற்கு இது ஒரு காரணம். மற்றக் குட்டிகளை என்ன செய்வது என்ற திட்டம் உங்களிடம் இருந்தால் மட்டும் இந்த வழியில் இறங்குங்கள்.

கலப்பினம்தானே என்று உறவுமுறையைப் பார்க்காமல் விடுவதும் பரவலான தவறு. புகழ் பெற்ற ஓர் ஆண் பன்றியின் விந்து நாலாபுறமும் பரவியிருக்கும்போது, நீங்கள் தேர்ந்தெடுத்த ஆணுக்கும் உங்கள் பெண்ணுக்கும் அதுவே தந்தையாக இருந்துவிடலாம். ஒரே தந்தைக்குப் பிறந்த இரண்டைச் சேர்த்தால் குட்டிகளின் உள்ளினச் சேர்க்கை அளவு 12.5 விழுக்காடு, ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவை என்றால் 25 விழுக்காடு. மூன்று தலைமுறைப் பெயர்களையாவது எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

அழுத்த மரபணு

தசை அதிகம் திரண்ட மரபுவழிகளில் ஒளிந்திருக்கும் ஒரு குறைபாட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். தசைக்குள் சுண்ணாம்புச் சத்தைத் திறந்துவிடும் வாயிலை ஆளும் ரையனோடின் ஏற்பி மரபணுவில் நிகழ்ந்த ஓரெழுத்து மாற்றம்தான் இதன் மூலம் என்பது 1991இல் கண்டறியப்பட்டது. அதற்கு முன் ஹேலோத்தேன் என்ற மயக்க வாயுவை முகரவைத்து, விறைக்கும் பன்றிகளைப் பிரித்தறிந்தார்கள். அதனால் ஹேலோத்தேன் மரபணு என்ற பழைய பெயரும் நிலைத்துவிட்டது. இந்த மாற்றத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற பன்றி, வெயில், சண்டை, வண்டிப் பயணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தரும் அழுத்தத்தால் தசை விறைத்து, உடல் வெப்பம் ஏறி இறந்துவிடக்கூடும். உயிர் பிழைத்து இறைச்சிக்குப் போனாலும் இறைச்சி வெளிறி, தளர்ந்து, நீர் கசியும்.

ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் பன்றியோ சாதாரணமாக வாழும். கொழுப்புக் குறைந்து தசை கூடியும் இருக்கும். சுமப்பிகளைக் கண்காட்சியாளர்கள் வேண்டுமென்றே நாடுவது இதனால்தான். சுமப்பியைச் சுத்தமான, அதாவது இந்த மாற்றமே இல்லாத, பன்றியோடு சேர்த்தால் பாதிக் குட்டிகள் சுமப்பிகளாக இருக்கும், ஒன்றுக்கும் இரட்டைப் பிரதி வராது. இரண்டு சுமப்பிகளைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று ஆபத்தில் பிறக்கும்.

இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்திருந்தும், ஒருமுறை, ஆண் பன்றி சுமப்பி என்று பட்டியலிலேயே எழுதியிருக்க, தாயைப் பரிசோதிக்காமல் சேர்த்தேன். அந்த ஈற்றில் தொடை பிதுங்கி நின்ற குட்டியைத்தான் போட்டிக்கு என்று ஒதுக்கினேன். ஐந்தாவது மாதத்தில் எடை பார்க்க வண்டியில் ஏற்றும்போது வால் நடுங்கியது. வயிற்றுத் தோல் திட்டுத் திட்டாகச் சிவந்து வெளிறியது. வாய் திறந்து இரைத்தபடி மரக்கட்டைபோல் விறைத்துச் சாய்ந்தது. தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. வேரோடு பிடுங்கிய சில முடிகள் இருந்தால் போதும், டிஎன்ஏ பரிசோதனை செய்துவிடலாம். இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு பெண் பன்றிக்கும் அதைச் செய்து, முடிவைக் காது எண்ணுக்கு நேரே எழுதி வையுங்கள். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், தாய்கள் அனைத்தையும் சுத்தமானவையாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு; சுமப்பி ஆணைப் பயன்படுத்துவதா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

பருவமும் சினை ஊசியும்

இளம் பெண் பன்றியை முதல் பருவத்திலேயே சேர்க்க வேண்டாம். ஏழெட்டு மாத வயதில், இரண்டாவது அல்லது மூன்றாவது பருவத்தில், ஏறத்தாழ 135 கிலோ எடையில் சேர்ப்பது நல்லது. சேர்க்கைக்கு முந்தைய பத்துப் பதினான்கு நாள்கள் தீவனத்தைக் கூட்டிக் கொடுத்தால் வெளிவரும் கருமுட்டைகளின் எண்ணிக்கை கூடும். ஏற்கெனவே ஈன்ற தாய், குட்டிகளைப் பால் மறக்கச் செய்த நான்கு முதல் ஏழு நாள்களுக்குள் பருவத்துக்கு வந்துவிடும்.

பெண்குறி வீங்கிச் சிவப்பது பருவம் நெருங்குவதன் அறிகுறி மட்டுமே. சேர்க்கைக்கு உரிய நேரத்தைக் காட்டுவது நிலைத்து நிற்றல்தான். ஓர் ஆண் பன்றியை வேலிக்கு அப்பால் மூக்கோடு மூக்கு படும்படி நிறுத்திவிட்டு, பெண்ணின் இடுப்பை இரு கைகளாலும் அழுத்துங்கள். பருவம் வந்திருந்தால் அது நகராமல், கால்களை ஊன்றி, முதுகை விறைத்து, காதுகளைக் குத்திட்டு நிற்கும். மேலே உட்கார்ந்தாலும் அசையாது. காலையும் மாலையும் இதைச் சோதித்து, முதன்முதலில் நின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஈன்ற பன்றியில் இந்த நிலை இரண்டு முதல் மூன்று நாள் நீடிக்கும், இளம் பன்றியில் அதைவிடக் குறைவு. கருமுட்டைகள் வெளிவருவது இக்காலத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கழிந்த பிறகு. எனவே நின்ற நேரத்திலிருந்து 12 மணி நேரத்தில் ஒன்றும் 24 மணி நேரத்தில் இன்னொன்றுமாக இரண்டு சினை ஊசி போடுவது வழக்கம். இளம் பன்றிக்கு முதல் ஊசியைச் சற்று முன்னதாகப் போடலாம்.

நீர்த்த விந்தை 15 முதல் 18 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் குளிர் அதைக் கொன்றுவிடும். நாளுக்கு இரண்டு முறை குப்பியை மெல்லப் புரட்டி விட வேண்டும்; குலுக்கக் கூடாது. திருகுநுனிக் குழாயைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து நுழைத்தால் சிறுநீர்ப்பை வழிக்குள் போகாது. கருப்பை வாயில் தட்டியதும் இடஞ்சுழியாகத் திருகினால் குழாய் பிடித்துக்கொள்ளும். அதன்பின் குப்பியைப் பிதுக்காமல் உயர்த்திப் பிடித்திருந்தால் கருப்பை தானே இழுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் ஆனாலும் பொறுங்கள். அவசரப்பட்டுப் பிதுக்கிய விந்து தரையில்தான் வழியும்.

சேர்த்த 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள்வரை மீண்டும் பருவம் வருகிறதா என்று சோதியுங்கள். முதல் ஒரு மாதம் இடம் மாற்றாமல், சண்டையில்லாமல், வெப்பத்தில் வாடாமல் வைத்திருப்பது கருக்கள் பதிந்து நிலைக்க உதவும்.

ஈற்றும் குட்டித் தேர்வும்

ஈனும் கொட்டிலில் தாய்க்கு இதமான குளுமையும் குட்டிகள் படுக்கும் மூலைக்கு 32 முதல் 35 பாகை வெப்பமும் தேவை. முதல் நாளுக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்திருப்பதை உறுதி செய்து, மூன்று நாள்களுக்குள் 200 மில்லிகிராம் இரும்புச் சத்து ஊசி போட்டுவிட வேண்டும். காதில் வெட்டும் அடையாளத்தைத் தள்ளிப்போடாதீர்கள்: பரவலான முறையில் வலக் காது ஈற்று எண்ணையும் இடக் காது குட்டி எண்ணையும் குறிக்கும். காயடிப்பதாக இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

எந்தக் குட்டி போட்டிக்கு என்ற முடிவை, பால் மறக்கும் மூன்று நான்கு வார வயதில் எடுக்காமல், ஆறு முதல் எட்டு வாரம்வரை ஒத்திப்போடுவது நல்லது. அந்த வயதில் எலும்பின் பருமனும் மார்பின் அகலமும் நடையும் தெளிவாகத் தெரியும். மிகச் சீக்கிரம் திரண்டுவிட்ட, சிறிய வடிவில் வளர்ந்த பன்றியைப்போல் தோன்றும் குட்டி பெரும்பாலும் வளர்ச்சியைச் சீக்கிரமே முடித்துக்கொள்ளும். சற்று நீண்டு, எலும்பு பருத்து, தளர்ந்த நடையோடு திரியும் குட்டிக்கு இன்னும் இடம் இருக்கிறது. பத்தாவது வாரத்தில் 25 கிலோ இருக்கும் குட்டி, நாளுக்கு 850 கிராம் ஏறினால், 26ஆவது வாரத்தில் 120 கிலோவைத் தொடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டு இந்தக் கோட்டோடு ஒப்பிட்டு, தீவனத்தைக் கூட்டியோ குறைத்தோ திருத்திக்கொள்ளலாம்.

கண்காட்சியிலிருந்து திரும்பும் பன்றியையும் வெளியிலிருந்து வாங்கும் பன்றியையும் குறைந்தது 30 நாள் தனியே வைத்துக் கவனித்த பிறகுதான் மந்தையோடு சேர்க்க வேண்டும்.

போட்டி முடிந்த அன்றே, பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நடுவர் உங்கள் பன்றியைப் பற்றிச் சொன்னதைப் பதிவேட்டில் அதன் தாய்க்குரிய பக்கத்தில் எழுதுங்கள். அதற்கு நேரே, அந்த ஈற்றில் பிறந்தவை எத்தனை, பிழைத்தவை எத்தனை, எத்தனைக்குப் பின்முட்டி விறைத்தது, எத்தனைக்குக் காம்பு உட்குழிந்தது என்பவற்றையும் எழுதுங்கள். இரண்டு ஈற்றுகள் இப்படிப் பதிவான பிறகும் அதே குறை இரண்டு வெவ்வேறு ஆண் பன்றிகளின் குட்டிகளிலும் தென்பட்டால், அடுத்த முறை மாற்ற வேண்டியது ஆண் பன்றியை அல்ல.